மூன்றாம் நாள் பாடு

ஓடுகிறேன். ஒரு செருப்பு மணலில் போய்விட்டது. பின்னால் வெடி. ஒன்று. ஒரு மூச்சு விடும் நேரம். இன்னொன்று. தொடையில் சூடு. கால் மடங்குகிறது. எழும்பி மறுபடி ஓடுகிறேன்.

"வாடி பத்துது. உள்ள சனம். உள்ள சனம்."

யார் கத்தியது என்று இன்றும் தெரியாது. காலை எட்டு மணி இருக்கும். வைகாசி மாதம், வெள்ளிக்கிழமை. தெற்கே இனக்கலவரம் நடந்து முடிந்த அடுத்த வருடம். முல்லைத்தீவுக்குத் தெற்கே, எங்கள் கரை. மீன்பிடிக் குடும்பங்கள் தங்கும் பதினொரு ஓலை வாடிகள் வரிசையாக எரிகின்றன. தென்மேற்குச் சோளகக் காற்று நெருப்பைக் கடல் பக்கம் தள்ளுகிறது. ஆட்களும் அந்தப் பக்கம்தான் ஓடுகிறார்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த வாடிகளில் இருந்தவன் அல்லன் நான். எரித்தவர்களோடு போனவன். என் தொடையில் இன்னும் இரண்டு சன்னங்கள் கிடக்கின்றன. ஓடியவர்களைப் பார்த்துச் சுட்ட எங்கள் துவக்கின் சன்னங்கள்.

கரையில் நின்று கயிற்றால் இழுக்கும் கரைவலை போடும் இடத்தைப் பாடு என்போம். கரையில் ஓர் எல்லை. அதற்கு நேரே கடலில் ஓர் எல்லை. மேற்குக் கரையில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் அங்கிருந்து சிங்களக் குடும்பங்கள் வந்து எங்கள் பாட்டருகே வாடி போட்டுத் தங்கும். நன்றாகத் தமிழ் பேசுவார்கள். அவர்களும் கத்தோலிக்கர், எங்கள் கோயிலில்தான் பூசை கண்டார்கள். மூன்று நாளுக்கு ஒருநாள் வலை போட்டார்கள். ஏன் அந்தக் கணக்கு என்று நான் கேட்டதில்லை.

பெரிய வலைக்குச் சொந்தக்காரர் மரியான் சம்மாட்டி. வாடிக்காரர் வராமலே இருக்க வேண்டும் என்று விரும்பினார். பாடு யாருடையது என்று அரசாங்கக் கச்சேரி விசாரித்தது. பழையவர்களின் வாக்குமூலம் கேட்டது. நான் கோயில் பள்ளிக்கூடத்து ஆசிரியன். எழுதும் வேலை என்னிடம் வந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது.

கரையில் மூத்தவர் சூசைப்பிள்ளை. எழுத்தறியாதவர். இரண்டு பின்னேரங்கள் அவர் சொல்லச் சொல்லக் கொப்பியில் எழுதினேன். எல்லைகளைச் சொன்னார். முன்பு யார் யார் வலை போட்டார்கள் என்று சொன்னார். பிறகு இதையும் சொன்னார்.

"எங்கட அப்பு காலத்தில வாந்திபேதி வந்து, வலை இழுக்க ஆளில்லாமப் போச்சு. அப்ப இந்த வாடிக்காரரின்ர ஆக்கள்தான் இறங்கி இழுத்து எங்கட வீடுகளுக்கு மீன் குடுத்தவை. எங்கட பிரேதங்களைத் தாட்டதும் அவைதான். அதுக்குத்தான் மூண்டாம் நாள் பாடு அவைக்கு. கோயில் வாசலில நிண்டு குடுத்த சொல்லு. அதையும் எழுதும், மாஸ்டர்."

எழுதினேன். சம்மாட்டி கொப்பியை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

"இதை அனுப்பினா கடலில மூண்டில ஒண்டை நாங்களே குடுத்த மாதிரி. அந்த வாந்திபேதிக் கதையை விடுங்கோ."

விட்டேன். நல்ல தாளில் இரண்டு பிரதிகள் எழுதினேன், ஒன்று கச்சேரிக்கு, ஒன்று எங்களுக்கு. இரண்டிலும் மூன்றாம் நாள் இல்லை.

கைநாட்டு வைக்க முன் முழுவதையும் வாசிக்கும்படி கிழவர் கேட்டார். தாளைப் பார்த்தபடி வாசித்தேன். அதில் எழுதாத மூன்றாம் நாளையும் எழுதியிருப்பதுபோல் வாசித்தேன். குரல் தடுமாறவில்லை. அவர் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"அம்பது வருசம் கயிறு இழுத்த விரல். ரேகை எங்க கிடக்கு? மாஸ்டர் மீன்செதிளை ஒட்டி அனுப்பியிருக்கிறார் எண்டுதான் கச்சேரியில சொல்லப் போறாங்கள்."

சிரித்துக்கொண்டே பெருவிரலை மையில் வைத்தார்.

பாடு முழுவதும் எங்களுக்கே என்று கச்சேரியிலிருந்து கடிதம் வந்தது. வாடிக்காரரின் தலைவர் அந்தோனிஸ். சந்தையடியில் என்னைக் கண்டு மறித்தார்.

"மாஸ்டர் கடலுக்கு வேலி அடைக்கிறாராம். கதியால் தடி எத்தினை வேணும், சொல்லுங்கோ. நானும் வெட்டித் தாறன்."

அவர் கடிதத்தை நம்பவில்லை. சூசைப்பிள்ளையை நம்பினார். தங்கள் நாள் வந்ததும் வலையை இறக்கினார்.

அந்த வெள்ளிக்கிழமை. ஏழு மணி. அவர்கள் கயிறு இழுக்கிறார்கள். ஆண்களும் பெண்களும். நாங்கள் முப்பது பேர் போகிறோம். சம்மாட்டியிடம் துவக்கு. மற்றவர்களிடம் கத்தி, துடுப்புத் தண்டு. என்னிடம் கைநாட்டு வைத்த தாள்.

கயிற்றை வெட்டுகிறார்கள். இழுத்துக்கொண்டிருந்தவர்கள் மல்லாக்க விழுகிறார்கள். அந்தோனிஸ் எழும்புகிறார். ஒரு தண்டு அவர் தலையில் இறங்குகிறது. சிறிய சத்தம். அவர் மறுபடி எழும்பவில்லை.

சூசைப்பிள்ளை கரையால் ஓடி வருகிறார். இரு பகுதிக்கும் நடுவில் நிற்கிறார். மூச்சு வாங்குகிறது.

"நிப்பாட்டுங்கோடா. இண்டைக்கு அவையின்ர நாள். மாஸ்டரின்ர கடுதாசியில கிடக்கு." என் பக்கம் திரும்புகிறார். "வாசியும், மாஸ்டர். இவங்களுக்கு வாசிச்சுக் காட்டும்."

எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். தண்டுகள் தாழ்கின்றன. சம்மாட்டியைத் தவிர அந்த முப்பது பேரில் யாருக்கும் தாளில் என்ன இருக்கிறது என்று தெரியாது. முன்பு வாசித்ததுபோல் இன்னொரு தடவை வாசித்திருக்கலாம். அன்று அந்தப் பொய் ஆட்களைக் காப்பாற்றியிருக்கும்.

சம்மாட்டியின் முகத்தைப் பார்த்தேன்.

"அப்படி ஒண்டும் இதில இல்லை, அப்பு" என்றேன்.

கிழவர் தாளை வாங்கினார். மேலும் கீழும் பார்த்தார். அதில் அவருக்குத் தெரிந்தது அவருடைய பெருவிரல் மட்டுமே. அதைத் தடவினார். தாளை மணலில் போட்டுவிட்டு, வெட்டிய கயிற்றின் நுனியைத் தேடி எடுத்தார். வாடிக்காரரின் பக்கம் நின்று இழுக்கத் தொடங்கினார். தனியாக.

சம்மாட்டி துவக்கை நீட்டினார். "கிழவா, விடு. விடு."

வெடி. நெஞ்சில். கயிறு கையில் இருக்கவே விழுந்தார்.

அதற்குப் பிறகு ஒருவரும் ஒருவரையும் தடுக்கவில்லை. கல். கத்தி. நெருப்பு. வாடிக்காரர் ஒரு படகில் அளவுக்கு மேல் ஏறினார்கள். முதல் அலையிலேயே கவிழ்ந்தது. நான் கிழவரைத் தூக்கப் போனேன் என்று பலருக்கும் சொல்லியிருக்கிறேன். இல்லை. ஓடினேன்.

பொலிஸ் வந்தது. வாடியிலிருந்து வந்த வெடியில்தான் கிழவர் இறந்தார் என்று முப்பது பேரும் ஒரே வாக்குமூலம் கொடுத்தோம். அதை எழுதியவனும் நானே.

இறந்தவர்கள் ஆறு பேர். சூசைப்பிள்ளை. அந்தோனிஸ். அவருடைய மனைவி, வாடிக்குள். படகில் போன இரண்டு பெண்கள். அவர்களில் ஒருத்தியின் கைக்குழந்தை. அந்தப் பெண்களின் பெயர்களை நான் கேட்டு வைக்கவில்லை. வாடிகள் பதினொன்று. கரைவலை ஒன்று. படகு ஒன்று. அந்தக் குடும்பங்கள் பிறகு எங்கள் கரைக்கு வரவில்லை.

சூசைப்பிள்ளையின் சொல், என் கொப்பியில் இரண்டு பக்கம். அன்று மத்தியானமே குசினி அடுப்பில் வைத்து எரித்தேன்.