கள்ள வாசல்

இல்ல தம்பி, முன்பக்கம் போக வேண்டாம். இந்தச் சுவத்து நிழல்லயே நிறுத்திக்கோங்க. தெரியும், வாசல், கேட்டு, பேர்ப்பலகை எல்லாம் அந்தப் பக்கம்தான். எனக்கு இந்தச் சந்து போதும். வண்டிய ஆஃப் பண்ணிக்கோங்க, கொஞ்ச நேரம் ஆகும். ஆனா சாவிய எடுத்துடாதீங்க. நீங்களும் எங்கயும் போயிடாதீங்க. காத்திருக்கிறதுக்குத் தனியாத் தர்றேன்னு ஏறும்போதே சொன்னேனே.

அப்படிப் பாக்காதீங்க. திருட வந்தவ மூஞ்சியாவா தெரியுது? திருட வர்றவ மடியில வலைய வச்சுக்கிட்டா வருவா?

மீன் வலை இல்ல இது. மீன் வலைன்னா இவ்வளவு நெருக்கமா பின்ன மாட்டாங்க. நூலும் இவ்வளவு தடிமனா இருக்காது. இது எலி வலை. கடிச்சாலும் அறுக்க முடியாது. நாங்க எலி பிடிக்கிறவங்க. காட்டுல, வயல்ல, குடோன்ல, எங்க கூப்பிட்டாலும் போவோம். உள்ள ஒண்ணும் இல்ல, தொட்டுப் பாருங்க. வேண்டாமா? சரி விடுங்க. ஆம்பளைங்க பாதிப்பேரு எலின்னா இப்படித்தான் கால மேல தூக்கிக்கிறீங்க.

பொறி வைக்கிறதும் உண்டு, கம்பியில சுருக்கு வைக்கிறதும் உண்டு. ஆனா குடும்பத்தோட பிடிக்கணும்னா புகைதான். எங்க வீட்டுக்காரரு புகை போடுவாரு, நான் வலை பிடிப்பேன். மாத்திக்கவே மாட்டோம். ஒரு மண்பானை, அடியில சின்ன ஓட்டை. உள்ள வைக்கோல போட்டுப் பத்த வச்சு, பானை வாயப் பொந்து வாய்ல கவுத்து, அந்த ஓட்டையில வாய வச்சு ஊதணும். மனுஷன் பேசவே மாட்டாரு தம்பி, ஊதி ஊதியே பேச்செல்லாம் பானைக்குள்ள போயிடுச்சுன்னு நான் கேலி பண்ணுவேன். ஒரு சிரிப்பு மட்டும் வரும், அதுவும் பாதிதான்.

ஆனா வேலையே புகையில இல்ல. புகைய எவனும் போடுவான். எலி வீடு கட்டும்போதே ஓடுற வழியையும் சேத்துக் கட்டிடும். பொந்து வாய் ஒண்ணு, வெளிய மண்ணக் குவிச்சு, பாக்கிற எல்லாருக்கும் தெரியிற மாதிரி இருக்கும். இன்னொண்ணு எங்கயோ தள்ளி, புல்லு மறைவுல இருக்கும். அத உள்ள இருந்து மெல்லிசா மண்ணு வச்சு மூடியிருக்கும். நீங்க மேல நடந்து போனாக்கூடத் தெரியாது. ஆபத்துன்னு வந்தா மண்டையால ஒரு முட்டு, அவ்வளவுதான், வெளிய. எங்களுக்குள்ள அத கள்ள வாசல்னு சொல்லிக்குவோம். அதக் கண்டுபிடிக்காம புகை போட்டவன் ஊதி ஊதி நெஞ்சு வலிச்சுதான் வீடு போய்ச் சேருவான்.

நல்லாக் கேட்டீங்க. பாத்தா தெரியாது, கால்லதான் தெரியும். செருப்பக் கழட்டிட்டு வெறுங்கால்ல மெல்ல வச்சு வச்சுப் போகணும். ஒரு இடத்துல தரை லேசா, பஞ்சு மாதிரி உள்வாங்கும். எனக்கே அது வர ரொம்ப நாளாச்சு. எங்க பொண்ணுக்கு நடக்கப் பழகும்போதே வந்துடுச்சு. பள்ளிக்கூடம் லீவுன்னா எங்ககூடத்தான் வருவா. அவ கால வச்சு, அம்மா இங்கன்னா, இங்கதான். அவ அப்பா அப்பதான் பானையப் பத்த வைப்பாரு.

ஒரே பொண்ணு. படிச்சவ தம்பி, காலேஜு முடிச்சவ. எங்க வகையறாவுல மொதல் ஆளு. பட்டம் வாங்குற அன்னிக்கு எங்களயும் கூட்டிட்டுப் போனா. இவரு ஒரு வாரமா சோப்புப் போட்டுக் குளிச்சாரு, புகை வாசம் போகணும்னு. போகல. பக்கத்துல உக்காந்திருந்தவங்க எங்கயோ எதோ எரியுதுன்னு திரும்பித் திரும்பிப் பாத்தாங்க.

ஆமா, கட்டிக் குடுத்தாச்சு. இந்த வீடுதான். இதோ, இந்த மஞ்சச் சுவரு.

ஏன் இங்க உக்காந்திருக்கேன்னா? சொல்றேன், இருங்க. அந்தக் கேட்டுக்குள்ள நான் ஒரே ஒரு தடவைதான் போயிருக்கேன். செருப்பு விடுற இடத்துக்குப் பக்கத்துல நாற்காலி போட்டாங்க. தண்ணி குடுத்தாங்க. குறை சொல்லக் கூடாது, குடுத்தாங்க. நான் குடிச்ச டம்ளர சம்பந்தியம்மா தனியா எடுத்து வச்சத நான் பாக்காத மாதிரி இருந்துட்டேன். அக்கம்பக்கத்துல எங்கள என்னன்னு சொல்லி வச்சிருக்காங்க தெரியுமா? விவசாயக் குடும்பமாம். ஒரு வகையில உண்மைதான். வயல்லதான் நிக்கிறோம், என்ன அறுக்கிறோம்னுதான் கேக்கக் கூடாது.

மாப்பிள்ளையா? மாப்பிள்ளை நல்லாப் பேசுவாரு. அத்தை அத்தைன்னு தேன் ஒழுகும். எலி வளையானாலும் தனி வளை வேணும்பாங்க, எங்களுக்கு ஒத்த ரூமு, ஓட்டைக் கூரைன்னாலும் தனியாத்தான் இருந்தோம். இவ்வளவு பெரிய வீடு, காம்பவுண்டு, பேசத் தெரிஞ்ச மாப்பிள்ளை. நாங்களும் வாயத் தொறந்து பாத்துக்கிட்டு நின்னோம். நீங்களா இருந்தாலும் நின்னிருப்பீங்க.

அதுக்கப்புறம் பொண்ணு வீட்டுக்கு வரவே இல்ல. மொதல்ல வேலை, அப்புறம் முழுகாம இருக்கா, அப்புறம் குழந்தைக்கு ஒத்துக்காது. பிரசவத்துக்கும் அனுப்பல. ஆஸ்பத்திரியில பேரப்பிள்ளைய ஒரு கை தூக்கிப் பாத்துட்டுக் குடுத்துட்டு வந்தேன். போன்ல பேசுவா. பேசுவான்னா, நல்லா இருக்கேம்மான்னு சொல்லுவா. போன் ஸ்பீக்கர்ல இருக்கும். எப்படித் தெரியுமா? நான் பேசுறது எனக்கே திரும்பி வந்து கேக்கும். அதுக்கு நடுவுல எப்பவாச்சும் மாப்பிள்ளை தொண்டையக் கனைக்கிறது கேக்கும்.

அந்தக் கொடி தெரியுதா, சுவத்துக்கு மேல? துணி காயுது பாருங்க. அந்தப் பச்சை ஜாக்கெட்டு அவளோடது, நான் எடுத்துக் குடுத்தது. அதுக்குப் பக்கத்துல நீலம். அதுவும் அவளோடதுதான் இருக்கணும். ரெண்டும் முழுக்கை. பச்சைக்கு நான் எடுக்கும்போது அரைக்கைதான். வேற துணிய வாங்கிக் கைய நீளமா ஒட்டுப் போட்டிருக்கா பாருங்க. இந்த வெயில்ல.

ம்.

போன வாரம் போன் பண்ணினா. அவளே பண்ணினா. அம்மா, வீட்டுல எலித் தொல்லைம்மா, அப்பாவக் கூட்டிட்டு வந்து பிடிச்சுக் குடுங்கன்னா. பின்னாலேயே மாப்பிள்ளை சிரிக்கிறது கேட்டுச்சு. இதுக்காவது உங்க அப்பா ஆத்தா உபயோகப்படட்டும்னு சொன்னாரு. அதான் வந்திருக்கோம். அவரு முன்பக்கம், நான் பின்பக்கம்.

அவரு அப்பவே வந்துட்டாரு. பஸ்ஸுல பானையோட. இப்ப வாசப்படியில உக்காந்திருப்பாரு. மாப்பிள்ளை வரச் சொன்னது பொழுது சாஞ்சப்புறம், பொறியப் பையில மறைச்சு, யாருக்கும் தெரியாம. நாங்க பட்டப்பகல்ல, தெருவே பாக்க, பானையோட வந்திருக்கோம். நேத்து முழுக்க அவருக்குப் பேச்சுச் சொல்லிக் குடுத்தேன் தம்பி. இந்த வீட்டு மருமகளோட அப்பன் நான், எலி பிடிக்க வந்திருக்கேன்னு சத்தமா சொல்லணும், எதிர்வீட்டுக்கும் கேக்கணும்னு. சுவரப் பாத்துச் சொல்லிச் சொல்லிப் பழகினாரு. எலி பிடிக்கங்கிற வரைக்கும் நல்லா வரும். இந்த வீட்டு மருமகளோட அப்பன்னு வரும்போது குரல் உள்ள போயிடும். பானைக்குள்ள ஊதுற மாதிரி நெனச்சுக்கோங்கன்னேன். அப்புறம் வந்துச்சு.

அது தீ இல்ல தம்பி, பதறாதீங்க. கூரைக்கு மேல தெரியிற புகை அவரோடதுதான். எலிக்குப் பயந்து வீட்டக் கொளுத்தினவங்க நாங்க இல்ல. வெறும் வைக்கோல் புகை. கேக்குதா சத்தம்? அது சம்பந்தியம்மா. உள்ள வாங்க, மொதல்ல உள்ள வாங்கங்கிறாங்க. இவ்வளவு மரியாதையா அவங்க எங்களக் கூப்பிட்டதே இல்ல. எதிர்வீட்டு ஜன்னலெல்லாம் தொறந்திருக்கும் இந்நேரம். அவரு எந்திரிக்க மாட்டாரு. எலி வர்ற வரைக்கும் பானைய விட்டு எந்திரிக்கக் கூடாதுன்னு தொழில் முறை இருக்கு. அதத்தான் சொல்லச் சொல்லியிருக்கேன்.

இப்ப மாப்பிள்ளை குரலு. அவரும் முன்னாடி வந்துட்டாரு. நல்லது.

எனக்குப் பயமெல்லாம் அவர நெனச்சுத்தான். புகைய அளவா ஊதணும் தம்பி. கோவத்துல வேகமா ஊதினா எலி வெளிய வராது, உள்ளேயே சுருண்டு செத்துப் போயிடும். அவரு சாதுதான். ஆனா இன்னிக்குக் காலையில பானையத் துடைக்கும்போது அவரு கையப் பாத்தேன். மாப்பிள்ளை மேல அந்தக் கை பட்டுச்சுன்னா காரியம் கெட்டுடும். கதவ உள்ள சாத்திக்குவாங்க. அப்புறம் யாருக்கு என்ன ஆகும்னு சொல்ல முடியாது. உங்க பொண்ண நெனச்சு ஊதுங்க, மாப்பிள்ளைய நெனச்சு ஊதாதீங்கன்னு சொல்லித்தான் பஸ் ஏத்தி விட்டேன்.

வலையோட நான் ஏன் இறங்காம உக்காந்திருக்கேன்னு கேக்கிறீங்க. கேப்பீங்கன்னு தெரியும், விவரமான ஆளு நீங்க.

போன்ல அவ என்ன சொன்னா தெரியுமா? பெரிய எலி இல்லம்மா, குட்டியோட ஒரு எலின்னா. பின்னாடி பாத்திரம் கழுவுற இடத்துக்கிட்ட கள்ள வாசல் போட்டிருக்கு, மேல மெல்லிசாத்தான் மண்ணு மூடியிருக்கு, முட்டினா தொறந்துக்கும்னா. நல்லாப் பாத்துட்டேம்மா, ஆனா வெளிய ஆளு இல்லாம அது வராதுன்னா.

போன வச்சுட்டு நான் சொன்னதக் கேட்டு அவரு குழம்பிப் போனாரு. சிமெண்டுத் தரையில, மாடி வீட்டுல, எந்த எலி கள்ள வாசல் போடும்? அது வயல் எலி பண்ற வேலை. படிச்ச பொண்ணு, அடிப்படையே மறந்துட்டாளேன்னாரு. அப்புறம் என் மூஞ்சியப் பாத்தாரு. எந்திரிச்சுப் போய்ப் பானையத் தேடி எடுத்தாரு.

முந்தாநேத்து அவரு இந்தச் சந்துல வெறுங்கால்ல நடந்து பாத்துட்டுப் போனாரு. அதோ, அந்தத் தகரக் கதவு. பழைய டிரம்மு, உடைஞ்ச நாற்காலியெல்லாம் உள்பக்கம் சாத்தி வச்சிருக்காங்க. பூட்டு இல்ல. ஒரு விரலால தள்ளிப் பாத்திருக்காரு, உள்வாங்கிச்சாம்.

போலீசா? இந்தப் போனுக்கு முன்னாடியே போனோம். மாப்பிள்ளைய வரவச்சாங்க. அவரு தேன் மாதிரி பேசினாரு. எங்களுக்குத் தண்ணி குடுத்து, குடும்ப விஷயம், கண்டுக்காதீங்கன்னு அனுப்பிட்டாங்க. பொண்ணு கையில தையல் போட்டது அதுக்கு மறுநாள், ஆஸ்பத்திரியில எங்க ஊர்க்காரங்க பாத்துச் சொன்னாங்க.

உங்களுக்கும் பொண்ணு இருக்கா? என்ன வயசு? ம். நல்லா இருக்கட்டும்.

இருங்க, பேசாதீங்க.

டிரம்மு நகர்ற சத்தம் கேக்குதா? மெல்ல நகத்துறா. புத்திசாலி. குழந்தை அழாம இருக்கணும்.

வண்டிய ஸ்டார்ட் பண்ணுங்க தம்பி. அவருக்காக நிக்க வேண்டாம், புகை அடங்கினதும் அவரு பஸ்ஸுல வந்துடுவாரு. நான் இறங்கிக் குழந்தைய வாங்கிக்கிறேன். இந்த வலைய மட்டும் அந்தப் பக்கமா எடுத்துப் போட்டுடுங்க, அவ உக்காரணும்.