தானாக மேலே வரும் ரகம்

முதல் பொம்மை நீர்மூழ்கியைக் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் அழகைப் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். பெட்டியின் மேல் உள்ள படம், பீரங்கி, கொடி. முதலில் பார்க்க வேண்டியது அது தண்ணீருக்குள் எப்படிப் போகிறது என்பது. அதைவிட முக்கியம், எப்படி மேலே வருகிறது என்பது.

நீங்கள் மேசைமேல் வைத்திருப்பது நான் கட்டிய முதல் கப்பல். நீளம் எழுபது சென்டிமீட்டர். சேறு காய்ந்துவிட்டது, ஈரத் துணியால் துடைத்தால் போய்விடும். இது எப்படி வேலை செய்கிறது என்று மட்டும்தான் கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர். அதைச் சொல்ல ஆரம்பித்தால் மற்றதும் சேர்ந்தே வரும். தமிழிலேயே எழுதித் தருகிறேன். மலாயில் மொழிபெயர்க்க உங்களிடம் ஆள் இருப்பார்.

என் பெயர் புவனேஸ்வரன். வயது முப்பத்தொன்று. பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் படித்தேன். செனவாங்கில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை. லுக்குட்டிலிருந்து உள்ளே போகும் செம்பனைத் தோட்டத்தில் அப்பா காலத்து வீட்டில் இருக்கிறேன். என் மனைவி மாதவி அடுத்த தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. போன மார்ச் மாதம் ஒரு காலையில், பள்ளிக்குப் போகும் வழியில், பழைய ஈயச் சுரங்கத்தில் நீர் தேங்கிய ஈயக்குட்டை வளைவில் அவள் மோட்டார் சைக்கிள் சறுக்கியது. குட்டையில் விழுந்து இறந்தாள். நீச்சல் தெரியாது. எனக்கும் தெரியாது.

செம்பனைக் குலை ஏற்றிவந்த லாரிக்காரர்தான் கரையில் கிடந்த ஹெல்மெட்டைப் பார்த்திருக்கிறார். அவர் தீயணைப்புப் படையைக் கூப்பிடுவதற்கு முன் சன்னாசியைக் கூப்பிட்டார். அந்தப் பக்கம் எல்லாருமே அப்படித்தான் செய்வார்கள். சன்னாசி லுக்குட்டில் மோட்டார் பட்டறை வைத்திருந்தார். ஐம்பத்திரண்டு வயது. ஆடு விழுந்தாலும் ஆள் விழுந்தாலும் அவர்தான் முங்கி எடுப்பார். யாரிடமும் ஒரு வெள்ளிகூடக் கூலி வாங்கியதில்லை. மூன்றாவது முறை முங்கியபோது மாதவியைக் கொண்டுவந்தார்.

ரஹாங்கிலிருந்து அவள் அம்மா வள்ளியம்மா வந்தார். பெண்கள் அவளைக் குளிப்பாட்டினார்கள். சுமங்கலியாகப் போகிறவள், மஞ்சள், குங்குமம், பூ எல்லாம் தயாராக இருந்தன. வள்ளியம்மா கதவைப் பாதி திறந்து என்னைக் கேட்டார்.

"தாலி எங்க மாப்பிள்ள?"

"கழுத்துலதான் இருந்துச்சு, அத்தை."

அந்த ஒரு வாக்கியத்துக்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை. யார் பெயரையும் சொல்லவில்லை. இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மஞ்சள் கிழங்கை மஞ்சள் கயிற்றில் கட்டி அவள் கழுத்தில் போட்டு அனுப்பினார்கள்.

பதினாறாம் நாள் காரியத்தில், சாப்பாட்டுப் பந்தியில், வள்ளியம்மா எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்: "தண்ணியா தாலிய கழட்டும்? கரையேத்துனவன் கையி அது."

சன்னாசி அந்தப் பந்தியில்தான் உட்கார்ந்திருந்தார். இலையை மூடிவிட்டு எழுந்தார். அதற்குப் பிறகு பட்டறைக்கு ஆள் வருவது குறைந்தது. அவருடைய ஒரே மகள் ரதிக்கு அம்பாங்கானில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பரிசம் போடும் தேதியைத் தள்ளிவைத்தார்கள். காரணம் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை. செத்தவள் கழுத்தில் கை வைத்தவன் வீட்டில் பெண் எடுப்பவர்கள் இல்லை.

அவர் என் வீட்டுக்கு வந்தார்.

"தம்பி, ஊரு பேசட்டும். நீங்க நம்புறீங்களா?"

"இல்லண்ணே."

அது உண்மை. நான் ஒரு நாளும் நம்பவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அவர் குட்டையில் இறங்கித் தாலியைத் தேடினார். நான் கரையில் உட்கார்ந்திருப்பேன். போகாமல் இருந்தால் நன்றாக இருக்காது. அவர் எடுத்துவந்தது ஒரு கடாய், இரண்டு சிலிப்பர், கை ஒடிந்த ஒரு பிள்ளையார்.

"பாத்தீங்களா தம்பி. புள்ளையாரே உள்ள கெடக்காரு. அவர்ட்ட கேட்டேன், வாயத் தொறக்க மாட்டேங்குறாரு லா."

குட்டையின் நடுவில், பதினைந்து அடி ஆழத்தில், சுரங்கம் ஓடிய காலத்துப் பம்பு அறை ஒன்று இருக்கிறது. செங்கல் சுவர், கான்கிரீட் கூரை, ஒரே வாசல். வெயில் ஏறினால் கூரை கரையிலிருந்தே தெரியும். அதற்குள் மட்டும் போகமாட்டேன் என்று சன்னாசி சொல்லியிருந்தார். "உள்ள கால வச்சா சேறு கெளம்பிரும். அப்புறம் வாசலு எது, செவுரு எதுன்னு தெரியாது. பொண்ணு கல்யாணத்த பாக்கணும் தம்பி."

எனக்கும் ஞாயிற்றுக்கிழமைகளுக்கு ஏதாவது வேண்டியிருந்தது. சிறிய கேமரா வைத்த நீர்மூழ்கி ஒன்றைக் கட்டினால் அவருக்கு உதவியாக இருக்கும் என்று தோன்றியது. அப்போது அது உதவி மட்டும்தான். அம்பாங்கானில் ஒரு கடைவீட்டு மாடியில் சசிதரன் என்பவர் பொம்மை விமானம், படகு எல்லாம் விற்கிறார். போய்க் கேட்டேன்.

"மொத கப்பலா பாஸ்? அப்ப கேளுங்க." இரண்டு பட்டியல்களை விரித்தார். "இது தானா மேல வர்ற ரகம். எப்பவும் மெதக்கத்தான் பாக்கும். மோட்டார் ஓடுற வரைக்கும் மூக்க கீழ அமுக்கிட்டு உள்ள போகும், நின்னா மேல வந்துரும். இது இன்னொண்ணு. வயித்துல தொட்டி. தண்ணிய உறிஞ்சி அடியில போயி உக்காரும், பின்னால நகரும், அசையாம நிக்கும். கட்டுறது கஷ்டம். ரேடியோவும் பழைய அலைவரிசை வேணும். புதுசு எதுவும் தண்ணிக்குள்ள போவாது. மொத கப்பல தொலைக்காதவன் இல்ல பாஸ். நீங்க தானா வர்றதயே எடுங்க."

நல்ல ஆலோசனை. எடுப்பதாகத்தான் இருந்தேன். ஒரு வாரம் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த ஞாயிறு சன்னாசி தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார். "ஒண்ணு கேக்கணும் தம்பி. தப்பா எடுத்துக்காதீங்க. தங்கச்சிய தூக்கறப்ப பின்கழுத்துல ஒரு செவப்பு கோடு பாத்தேன். மெல்லிசா, நீளமா. தண்ணி அப்படி அறுக்காது. யாரோ சங்கிலிய புடிச்சு இழுத்த மாதிரி. வழியில எவனும் வழிப்பறி பண்ணியிருப்பானோ? போலீஸ்ல போயி சொல்லிரவா? எம் பேரும் தெளிஞ்ச மாதிரி இருக்கும்."

"கப்பல் முடியட்டும்ணே. ஒரு தடவ தேடிப் பாத்துட்டு சேர்ந்தே போவோம்."

"நீங்க சொன்னா சரி."

திங்கள் மாலை சசிதரனிடம் போய் இரண்டாவது ரகத்தைக் கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். விற்றுவிட்டார்.

கட்ட நான்கு மாதம் ஆனது. உடல் இரண்டு பாதிகளாக வரும். உள்ளே நீர் புகாத அக்ரிலிக் குழாய். இரு முனையிலும் ரப்பர் வளையம். வளையத்தில் ஒரு முடி சிக்கினாலும் நீர் கசியும். என் வீட்டில் அப்போதும் நீண்ட முடிகள் கிடைத்துக்கொண்டிருந்தன. ஒவ்வொரு முறையும் துடைத்துவிட்டு மூடினேன். முகப்பில் விளக்கும் கேமராவும். இந்த ரகத்தில் ஒரு பாதுகாப்பு உண்டு: ரேடியோ தொடர்பு அறுந்தால் தொட்டியிலிருக்கும் நீரைத் தானாகவே வெளியே தள்ளிவிட்டு மேலே எழும்பும். அதை அணைத்து வைக்கலாம். நான் அணைக்கவில்லை.

சன்னாசி அடிக்கடி வந்து பார்த்தார்.

"என்னா தம்பி, வாழக்கா மாதிரி இருக்கு. சீவி பஜ்ஜி போட்ரலாம். கடல்ல விட்டீங்க, நேவிக்காரன் வந்து நம்மள புடிச்சுருவான் லா." பிறகு கேட்டார், "இவரு எவ்ளோ நேரம் உள்ள இருப்பாரு?"

"நாப்பது நிமிஷம்."

"கொடுத்து வச்சவரு. எனக்கு ஒன்றர நிமிஷம். அதுக்கு மேல நெஞ்சு கேக்காது."

மூன்று ஞாயிறு சோதித்தேன். கூரைக்கு வெளியே தொடர்பு நன்றாக இருந்தது. பம்பு அறை வாசலைத் தாண்டிப் பின்னால் ஒரு முழம் போனால் அறுந்துவிடும். கப்பல் உள்ளே எழும்பிக் கூரையில் முட்டிக்கொண்டு நிற்கும். அப்படி நின்றால் இழுத்து எடுப்பதற்காக வாலில் மீன்பிடி நரம்பு கட்டியிருந்தேன். கடைசி ஞாயிறு கட்டவில்லை.

தாலி என் மேசை இழுப்பறையில், ஸ்குரூ டிரைவர்களோடு இருந்தது. அவள் இறந்த அன்றிலிருந்தே அங்கேதான் இருந்தது. மாதவி சிரம்பானுக்கு மாற்றல் வாங்கியிருந்தாள். இனி ரஹாங்கில் அம்மாவோடு இருக்கப்போவதாக அன்று காலை சொன்னாள். சத்தம் போடவில்லை. வாசலுக்கு நடந்தாள். நான் பிடித்தேன். அவள் நிற்கவில்லை. சங்கிலி அறுந்தது. அவள் பள்ளிக்குப் புறப்பட்டாள். நானும் வேலைக்குப் புறப்பட்டேன்.

சனிக்கிழமை மாலை அந்தத் தாலியை மஞ்சள் நூலால் கப்பலின் மூக்கில் கட்டினேன். அதன் எடைக்கு ஏற்ப முன்பக்கம் வைத்திருந்த ஈயத்தில் கொஞ்சம் குறைத்தேன். இல்லாவிட்டால் மூக்கு தாழும். கேமராவையும் அப்போதே இயக்கிப் பார்த்திருக்கிறேன். அதன் நினைவக அட்டையில் முதல் நிமிடத்தில் தெரிவது என் விரல்கள். அழிக்க மறந்தது என் தவறு. தரப் பரிசோதனையில் இருப்பவன் செய்யக்கூடாத தவறு.

ஞாயிறு காலை ஒன்பது மணி. தண்ணீர் தெளிவாக இருந்தது. அவர் வருவதற்கு முன்பே கப்பலை இறக்கி வாசலில் உட்காரவைத்துவிட்டேன். விளக்கு கரையிலிருந்தே தெரிந்தது.

"பம்பு ரூம் வாசல்ல என்னமோ மின்னுதுண்ணே."

"நெசமா?"

"லைட்ட பிடிச்சே போய்ப் பாருங்க."

தண்ணீரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு முங்கினார். ஒரு நிமிடத்துக்குள் மேலே வந்தார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

"பாத்துட்டேன் தம்பி. பாத்துட்டேன். தங்கச்சி தாலிதான். ஒங்க கப்பலு மூக்குல மாட்டிக்கிட்டு கெடக்கு. தூக்குங்க, மேல தூக்குங்க."

"தூக்க முடியலண்ணே. சிக்கிகிச்சு. அசைச்சா விழுந்துரும் போல."

"அப்ப அசைக்காதீங்க. சேத்துல விழுந்தா போச்சு. நானே எடுத்தாறேன்." மூச்சு வாங்கினார். "ரதிகிட்ட சொல்லணும் மொதல்ல. அவ அம்பாங்கானுக்கு போன் போடுவா."

மறுபடியும் முங்கினார். அவர் நிழல் விளக்கை நெருங்கியபோது நான் ரேடியோ கருவியின் நெம்புகோலைப் பின்னால் தள்ளினேன். இரண்டு விநாடி. விளக்கு உள்ளே போனது. தொடர்பு அறுந்தது. அதற்குப் பிறகு நான் எதையும் இயக்கவில்லை. கருவியைப் புல்லில் வைத்துவிட்டேன். அது எழும்பியதும், விளக்கோடு கூரையில் போய் ஒட்டியதும் தானாக நடந்தவை. அவர் பின்தொடர்ந்ததும் அப்படியே. நான் போகச் சொன்னது வாசல்வரைக்கும்தான்.

சேறு மெதுவாக வெளியே வந்து வாசலை மூடியது. ஒன்றரை நிமிடம் ஆனது. கொஞ்ச நேரம் குமிழிகள் வந்தன. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது பழக்கத்தால். எங்கள் வேலையில் எல்லாவற்றுக்கும் நேரம் குறிப்போம். பதினோராவது நிமிடம் தீயணைப்புப் படையைக் கூப்பிட்டேன்.

அவரும் கப்பலும் கூரைக்கு அடியிலேயே இருந்ததாகச் சொன்னார்கள். அவர் ஒரு கை கூரைக் கம்பியில் கோத்திருந்ததாம். மற்ற கையில் தாலி. விரல்களைப் பிரிக்க நேரமானது.

வள்ளியம்மா அன்று மாலையே லுக்குட்டுக்குப் போய், சன்னாசியின் உடலுக்கு முன்னால் விழுந்து அழுதார். மாப்பிள்ளை வீட்டார் மாலையோடு வந்தார்கள். ரதிக்கு அடுத்த மாதம் பரிசம் போடுகிறார்கள். நான் இதை எண்ணிப் பார்த்தேன். அவர் என்னிடம் கேட்டது நல்ல பெயர் ஒன்றைத்தான். அது அவருக்குக் கிடைத்தது. என்னைத் தவிர வேறு யாராலும் அதைக் கொடுத்திருக்க முடியாது.

மாதவியின் பின்கழுத்துக் கோடு மருத்துவமனை அறிக்கையில் முதலிலேயே இருந்தது என்றும், விழுந்தபோது பட்ட காயம் என்று எழுதி அதை முடித்துவிட்டார்கள் என்றும் நேற்று நீங்கள் சொன்னீர்கள். எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் தானாக மேலே வரும் ரகத்தையே வாங்கியிருப்பேன்.

சன்னாசியை நான்தான் கொன்றேன். கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் மாதவி விஷயத்தை இதோடு சேர்க்காதீர்கள். அன்றைக்கு நான் வேலைக்குப் போகும் வழியில் வண்டியை அவள் பின்னால் திருப்பியது தாலியைத் திருப்பிக் கொடுப்பதற்காகத்தான். அதை ஜன்னலுக்கு வெளியே பிடித்துக் காட்டிக்கொண்டே போனேன். வளைவு வரைக்கும் ஹாரன் மட்டும்தான் அடித்தேன். அவள்தான் திரும்பிப் பார்த்தாள். எனக்கு நீச்சல் தெரியாது என்று முன்பே எழுதியிருக்கிறேன். அவளுக்கு நான்கு நிமிடம் ஆனது.