போனுக்கு வந்த சர்க்கரை

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் ஓர் இளைஞரும் அவருடைய அக்கா கணவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

“எனக்கு சர்க்கரை இல்ல மாமா. என் போனுக்குத்தான் வந்துடுச்சி. தெனம் சர்க்கரை மாத்திரை விளம்பரமா வருது. போட்டோ காட்டுறப்ப பொண்ணோட அண்ணன் பாத்துட்டாரு. நோயை மறைக்கிறேன்னு நிச்சயத்தையே நிறுத்திட்டாங்க.”

மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“உங்க சர்க்கரை மாத்திரைக்கு மருந்துக்கடையில யார் நம்பர குடுக்குறீங்க?”

“உன்னுதுதான் மாப்ள.”

“ஏன், உங்க நம்பருக்கு என்னா?”

“கடைக்காரன் அத எவன் எவனுக்கு விப்பானோ!”

“அப்ப நேரா வந்து, நோய் உங்களுக்குத்தான்னு பொண்ணு வீட்ல சொல்லுங்க.”

“வரேன் மாப்ள. அவுங்க நம்பர் கேட்டா மட்டும் உன்னுதையே குடுத்துடு.”