ஜாதகத்துக்கு ஊத்துன மை

மொதல்ல உக்காருங்க ரங்கசாமிண்ணே. நீங்க நின்னுக்கிட்டே கத்துனா அண்ணாந்து பாத்து எனக்குக் கழுத்து வலிக்குது. ஆமா, உங்க பிரிண்டருக்குப் போன வாரம் நாந்தான் மை ஊத்திக் குடுத்தேன், இல்லைங்கல. சாணார்பட்டி ஒச்சாயி வந்து உங்க கடையில சத்தம் போட்டுச்சாக்கும்? மக ஜாதகத்தப் பையில வச்சிருந்துச்சாம், தண்ணி பாட்டில் கசிஞ்சு எழுத்தெல்லாம் ஓடிப்போச்சாம். சரி. அதுக்கு நீங்க என்னா சொன்னீங்க? கறுப்பு மைன்னா எல்லாம் ஒண்ணுதானேன்னா? கம்ப்யூட்டர் ஜாதகம்னு போர்டு மாட்டி இம்புட்டு வருசமாச்சு, இப்படிச் சொல்லலாமா? ராகு வேற கேது வேறன்னு மட்டும் தெரியுதுல்ல?

சிரிக்காதீங்க, கோவமா வந்திருக்கீங்க.

இந்தா ரெண்டு பாட்டில். பாத்து எது எதுன்னு சொல்லுங்க. தெரியலல்ல? எனக்கும் சும்மா பாத்தாத் தெரியாது. வர்ற பாட்டில்ல பாதிக்கு லேபிள் இருக்காது. இருந்தாலும் நம்ப முடியாது. இந்த டிஷ்யூ பேப்பர்ல ரெண்டுலயும் ஒவ்வொரு சொட்டு விடுறேன். அது மேல ஒவ்வொரு சொட்டுத் தண்ணி. செத்த பொறுங்க. உங்களுக்கு அரை நிமிசம் பொறுக்க முடியல, வர்றவன மட்டும் ஏழரை வருசம் பொறுத்துக்கன்னு சொல்லி அனுப்பிருவீங்க.

பாத்தீங்களா, இது ஓட ஆரம்பிச்சிருச்சு. ஓரத்துல நீலம், உள்ள ஊதா. இது டை மை. சாயந்தாண்ணே, சின்னாளபட்டியில நூலுக்குப் போடுறாங்கள்ல, அது மாதிரி. தண்ணியோட தண்ணியா கரைஞ்சு கெடக்கும், பேப்பருக்குள்ள ஊறிரும். இந்தப் பக்கம் பாருங்க. தண்ணி மட்டும் வட்டமாப் போயிருச்சு, கறுப்பு விட்ட எடத்துலயே உக்காந்திருக்கு. இது பிக்மென்ட். கண்ணுக்குத் தெரியாத பொடி. கரையாம மிதக்கும். பேப்பர் மேல படிஞ்சு காஞ்சிருச்சுன்னா அப்புறம் தண்ணி பட்டாலும் அசையாது.

தொடாதீங்கன்னேன்ல. மூணு நாளைக்கி அந்த வெரல வச்சுக்கிட்டுத்தான் ராசிபலன் சொல்லணும்.

உங்க புது மிஷினுக்குக் கறுப்பு வந்து பொடி மை. சாயத்துக்குன்னு இருக்குற மிஷின்ல பொடிய ஊத்துனா மை எறங்குற மூக்கு அடைச்சிக்கும், அம்புட்டுத்தான். ஜெராக்ஸ் கடை முனீர் பாய் அப்படித்தான் நல்ல மிஷின் ஒண்ணக் காயலாங்கடையில போட்டாரு. ஆனா பொடி மிஷின்ல சாயத்த ஊத்துனா ஒண்ணும் ஆகாது. கொஞ்சம் வெளுப்பா விழும், தண்ணி பட்டா ஓடிரும், வேற கெடுதல் இல்ல. அதனால மிஷினுக்கு என்னமோன்னு பயப்படாதீங்க.

ஆமாண்ணே. உங்களுக்கு நான் சாயந்தான் ஊத்துனேன்.

மாறியெல்லாம் போகல. ஆறு வருசமா இதே வேல, கண்ணக் கட்டிவிட்டாலும் எனக்கு மாறாது. வெலயிலயும் பெரிசா வித்தியாசம் இல்ல. தெரிஞ்சேதான் ஊத்துனேன். நீங்க அந்த மிஷின் வாங்குன நாள்லருந்து.

எந்திரிக்காதீங்க. முழுசாக் கேட்டுட்டு, அப்புறம் வேற கடையில ஊத்துறதுன்னா ஊத்திக்கங்க, நான் வருத்தப்பட மாட்டேன்.

ரெண்டாயிரத்தி ஒண்ணுல நீங்க நாகல்நகர்ல மாடியில இருந்தீங்கள்ல. அப்ப எங்கப்பா வந்து உங்ககிட்ட எனக்கு ஜாதகம் எடுத்தாரு. இசைவாணின்னு பேரு போட்டுக் குடுத்தீங்க, ஞாபகம் இருக்காது. அப்ப எனக்கு இருபத்தொம்பது வயசு. கையால எழுதுன ஜாதகத்துல ஏழுல செவ்வா, புருசனுக்கு ஆகாது. கம்ப்யூட்டராச்சும் மாத்திச் சொல்லும்னு நம்பி வந்த மனுசன் அவரு. நீங்களும் ஏழுலதான் அச்சடிச்சுக் குடுத்தீங்க. உங்க தப்பு இல்ல, இருந்ததத்தானே அடிப்பீங்க. அதுக்குள்ள பதினோரு எடம் வந்து, ஜாதகத்தப் பாத்துட்டு, காப்பி மட்டும் குடிச்சிட்டுப் போயிருந்தாங்க. அதுல ரெண்டு பேரு நல்லா சிரிச்ச மொகமா இருந்தாங்க. இப்ப எதுக்கு அது.

பன்னெண்டாவது எடம் சேவுகம்பட்டி. தரகர் வாசல்ல நிக்கிறாரு, ஜாதகத்துக்கு மூலையில மஞ்ச வச்சுக் குடுடின்னு அம்மா சொன்னுச்சு. கொழச்சேன். கொஞ்சம் தண்ணியாவே கொழச்சேன். நாலு மூலையிலயும் வச்சேன்.

அஞ்சாவதா ஒரு பொட்டு ஏழாங் கட்டத்துல வச்சேன்.

அம்புட்டுத்தாண்ணே பண்ணுனேன். உங்க பழைய மிஷின் சாய மை, செவ்வா அப்படியே கரைஞ்சு எறங்கிருச்சு. மாப்ள வீட்டு ஜோசியர் எண்ணிப் பாத்தா எட்டு கிரகந்தான் இருக்கு. ஒம்பதாவத எங்க உக்கார வைக்கிறதுன்னு யோசிச்சு, அவரே பதினொண்ணுல வச்சு, அமோகமா இருக்குன்னுட்டாரு. கல்யாணமாகி மூணாம் மாசம் நானே எங்க வீட்டுக்காரர்கிட்டச் சொல்லிட்டேன். அழுதுக்கிட்டேதான் சொன்னேன். அதுக்கு அவரு கேட்டாரு, தண்ணி பட்டா ஓடுதே, அது என்னா மையின்னு. இந்தக் கடையே அந்தக் கேள்வியிலதான் ஆரம்பிச்சது. அவுகளுக்கு இன்னைக்கி வரைக்கும் சளி புடிச்சதத் தவிர ஒண்ணும் வந்ததில்ல.

கார்ட்ரிட்ஜ இங்க குடுங்க. உங்க தொழில்ல மண்ணப் போடக் கூடாது, கழுவி பொடி மையே ஊத்தித் தாரேன், காசு வேணாம். இனிமே ஒரு பய வந்து கரையுதுன்னு சொல்ல மாட்டான். ஆனா உங்க மிஷின்ல பக்கத்துல கலர் கார்ட்ரிட்ஜ் ஒண்ணு இருக்குல்ல. அது இன்னமும் சாயந்தான். அதுல அடிச்சாலும் மூணு கலரும் சேந்து கறுப்பு மாதிரியேதான் விழும், யாருக்கும் தெரியாது. எந்தப் பிள்ளைக்கி எதுல அடிக்கணும்னு ஜாதகத்தப் பாத்தா உங்களுக்கே தெரியும்ணே.