நட்டம் எழுதிய கை

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெரியவர் அவர்களே! முன்வரிசையில் முறுவலோடு வீற்றிருக்கும் முதலாளி அவர்களே! இரும்போடு பேசி இரும்போடு வாழும் என் இனிய தோழர்களே! எங்களை நாள்தோறும் வாயில் வரை வழியனுப்பும் அன்னையரே!

நம் பம்புத் தொழிற்சாலையின் இரண்டாம் ஷிப்ட் மீண்டும் தொடங்கும் இந்தப் பொன்மாலையில், தொழிற்சங்கச் செயலாளனாகிய நான் நிதித் தலைமை அதிகாரியைப் பாராட்ட வந்திருக்கிறேன். ஏன் சிரிக்கிறீர்கள்? சங்கமும் கணக்குத் துறையும் கீரியும் பாம்பும் என்றுதானே? யார் கீரி, யார் பாம்பு என்று மட்டும் கேட்காதீர்கள்; நான் பத்திரமாக வீடு போய்ச் சேர வேண்டும்!

கணக்கு என்றால் கல்லில் செதுக்கியது என்று நினைத்திருந்தோம். இல்லை தோழர்களே! கணக்கில் சட்டம் முடிவு செய்யும் இடமும் உண்டு. ஆள் முடிவு செய்யும் இடமும் உண்டு. டீலர்களுக்கு நாம் அனுப்பும் பம்புகளில் எத்தனை திரும்பி வரும்? முன்கூட்டியே மதிப்பிட்டு விற்பனையில் கழிக்க வேண்டும். மதிப்பிடுவது யார்? நிதித் தலைமை நாற்காலியில் அமர்ந்திருக்கும் மனிதர்! முன்பு இருந்தவர் கெட்டவர் அல்லர். எதிலும் நல்லதையே எதிர்பார்ப்பவர். எல்லாம் விற்றுவிடும் என்று நம்பினார். அறிக்கையில் லாபம் பூத்தது. அவர் ஓய்வுபெற, அந்த நாற்காலிக்கு நம் அம்மையார் வந்தார். ஊர் ஊராகப் போய் டீலர்களின் கிடங்குகளைத் திறக்கச் சொன்னார். மூன்றில் ஒரு பங்கு திரும்பும் என்று எழுதினார். அதே ஆலை! அதே சட்டம்! அதே சரக்கு! ஆள் மாறினார்; லாபம் நட்டமாயிற்று!

முதலாளி அவரை அழைத்தார். வங்கிக் கடனைப் புதுப்பிக்க வேண்டிய நேரம். பழையவர் வழியிலேயே போகும்படி கேட்டார். இதை மேடையில் சொல்லச் சொன்னவரும் முதலாளிதான். அந்தப் பெருந்தன்மைக்கு ஒரு கைத்தட்டல்! அம்மையார் என்ன சொன்னார்?

“அவர் நம்பினாரு சார். நான் நேர்ல போய்ப் பாத்துட்டேன். பாத்ததுக்கு அப்புறம் பாக்காத மாதிரி கையெழுத்துப் போட எனக்கு வராது. வேற நம்பர்தான் வேணும்னா, வேற ஆளைத்தான் வைக்கணும்.”

வங்கியில் இதை யார் சொல்வது என்று முதலாளி கேட்டார்.

“நானே சொல்றேன் சார்.”

அறிக்கை வந்தது. போனஸ் போயிற்று, இரண்டாம் ஷிப்ட் நின்றது. கொதித்தோம்! கும்பலாக அவர் அறைக்குள் நுழைந்தோம். அங்கே நாற்காலிகளை விட அதிகமாக, திரும்பி வந்த பம்புகள்!

“ஏன் திரும்பி வருதுன்னு எனக்குத் தெரியலை. கழட்டிப் பாத்துச் சொல்லுங்க,” என்றார்.

கோபத்தோடு போனவர்கள் ஸ்பேனரோடு உட்கார்ந்தோம். கழற்றிய பம்பில் எல்லாம், தண்ணீர் கசியாமல் அடைக்கும் ரப்பர் சீல் வெடித்திருந்தது. மலிவாக வாங்கிய சரக்கு. காகிதத்தில் லாபம் மின்னிய காலத்தில் இதை யார் கேட்டார்கள்? யாருக்குக் கேட்கத் தோன்றும்?

நல்ல சீல் வாங்கி மாற்றினோம். நட்டத்தையும், அதன் காரணத்தையும், நாம் கண்ட தீர்வையும் அம்மையாரே வங்கியில் எடுத்துவைத்தார். வங்கி ஓராண்டு அவகாசம் தந்தது. போன பம்புகள் திரும்பி வராமல் போன இடத்திலேயே தங்கின! இந்த ஆண்டு லாபம் கிடங்கில் தூங்கும் லாபம் அல்ல. தோட்டந்தோறும், வீடுதோறும் தண்ணீர் இறைக்கும் லாபம்! பயந்த கை ஒன்று அந்த நாற்காலியில் இருந்திருந்தால், இந்த ஆலையில் இன்று பூட்டுதான் தொங்கிக்கொண்டிருக்கும்!

அம்மா, மேடைக்கு வாருங்கள். இரண்டாம் ஷிப்டின் சங்கை உங்கள் கையாலேயே ஒலிக்கச் செய்யுங்கள். பொறுமையோடு கேட்ட உங்கள் அனைவருக்கும் என் நன்றி. வேலைக்குப் புறப்படும் தோழர்களுக்கு வெற்றி வணக்கம்!