பண்ணைக்கு வாக்கப்பட்டவன்

— முடியவே முடியாது கெஸீனா. கல்யாணம் வேணும், உன் பேர் வேண்டாம். எந்த ஆம்பளையாவது பொண்டாட்டி பேரை வெச்சுக்குவானா?

— என் பேரில்ல யோஸ்ட், பண்ணையோட பேர். டெல்காம்ப் பண்ணைக்கு மாப்பிள்ளையா வர்றவன் எவனா இருந்தாலும் அவன் டெல்காம்ப். செத்துப்போன என் புருஷன் எவர்ட் அப்படித்தான் வந்தான். எங்கப்பாவும் அப்படித்தான் வந்தார். வெஸ்ட்ஃபாலியாவுல பொறந்துட்டு, இன்னிக்குத்தான் கேள்விப்படற மாதிரி மூஞ்சிய வெச்சுக்காத.

— உங்கப்பாவும் வந்த மாப்பிள்ளையா? அப்ப உங்க வம்சத்துல அசல் டெல்காம்ப் எவன்தான்?

— யாருக்குத் தெரியும்? டெல்காம்ப்னா பள்ளத்து வயல். தண்ணி நிக்கற அந்த வயல்தான் அசல்.

— சேத்துக்குப் பொறந்தவங்கன்னு சொல்லு. நாங்க ஷுல்ட்டே, தாயே! பிரபுவுக்கு வலது கை, ஊருக்குத் தலைவர்!

— தலைவராம்ல! பிரபுவுக்காக வீடு வீடாப் போய் கோழியும் தானியமும் பிடுங்கிட்டு வந்தவனுக்குப் பேர் ஷுல்ட்டே. ஊருக்கு ஒரு பிடுங்கி இருந்தான், அதான் ஊர் ஊருக்கு ஷுல்ட்டே. ஞாயித்துக்கிழமை கோயில்ல நின்னு 'ஷுல்ட்டே'ன்னு ஒரு சத்தம் போடு, பாதிக் கூட்டம் திரும்பும். மீதிப் பாதி அவங்க பெத்தது.

— சிரி, நல்லா சிரி. எனக்கு வேற என்னடி இருக்கு? எங்க பண்ணை மொத்தமும் மூத்தவன் ஹின்ரிக்குக்குப் போயிடுச்சு. எனக்குக் கிடைச்சது ஒரு கோடாலியும் இந்தப் பேரும்தான். இதையும் குடுன்னா வலிக்குது கெஸீனா.

— சரி, அழாத. புகை போட்ட பன்னிக்கறி இருக்கு, சாப்பிடு.

— கறி கிடக்கட்டும். ஹின்ரிக் என்ன சொன்னான் தெரியுமா? 'பொம்பளை வீட்டுப் பேரை மாட்டிக்கிட்டு என் வாசப்படி மிதிச்சே, காலை ஒடிப்பேன்'னான். பொண்டாட்டி செத்ததுலேர்ந்து ஒண்டியா இருந்து இருந்து அவனுக்கு வாய் ரொம்ப நீளம்.

— அப்ப அண்ணன்தான் வேணும்னா போ. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம்னு நாளைக்குக் கோயில்ல நம்ம ஓலை வாசிக்கணும். மாப்பிள்ளைக்கு என்ன பேர்னு பாதிரியார் ஆள் மேல ஆள் அனுப்பறார். நீ ஷுல்ட்டேவாவே வந்து எஜமான்னு நின்னா, இங்க ஒரு வேலைக்காரன் மதிக்க மாட்டான். குதிரைகூட நகராது.

— குதிரைக்கு எதுக்கு என் பேர்?

— விளையாடாத யோஸ்ட். ஒரே வார்த்தை சொல்லு. மாட்டேன்னா நானே போய் ஓலை வாசிக்க வேண்டாம்னு சொல்லிடறேன். அழுதுகிட்டேதான் போவேன். ஆனா போவேன்.

— உக்காரு, உக்காரு! அடக் கடவுளே... சரி. டெல்காம்ப்னே வாசிக்கட்டும். அவன் காலை ஒடிச்சா நொண்டிக்கிட்டே உங்கிட்ட வர்றேன். நீ இல்லாம அந்தப் பேரை வெச்சுகிட்டு நான் என்ன பண்ணப் போறேன்?

— நெசமாவா?

— சத்தியமா. ஹின்ரிக் ஊரக் கூட்டி சிரிப்பான்.

— அவன் சிரிக்க மாட்டான். நீயா ஒத்துக்கற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு இருந்தேன். போன வாரம் நீ உக்காந்திருக்கற இதே நாற்காலியில உக்காந்து, 'எங்க பண்ணையைத் தம்பிக்கே விட்டுடறேன், என்னை டெல்காம்ப் ஆக்கிக்கோ'ன்னு உன் அண்ணன் கெஞ்சினான். நாயை அவுத்து விட்டேன்.