அற்புதமேரி உட்கார ஓர் இடம்

கார்த்திகைப் பனியையும் பாராமல் வந்து, இந்த அவைக்குத் தலைமை தாங்கும் எங்கள் பள்ளிக் கமிட்டித் தலைவர், பெருமதிப்புக்குரிய நல்லதம்பி அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் ஊர்ப் பெரியவர்களே! மடியில் ஒன்றும் தோளில் ஒன்றுமாய்ப் பிள்ளைகளைச் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! வேலிக்கு அப்பால் நின்று கேட்கும் கீழத்தெருச் சொந்தங்களே! என் வகுப்புக் கண்மணிகளே! இத்தனை முகங்களுக்குள்ளும் எங்கே தேடியும் என் கண்ணுக்கு அகப்படாத என் மாணவி அற்புதமேரியே! வணக்கத்தைக் கடைசியில் சொல்கிறேன். யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

உலக நாடுகள் ஒன்றுகூடி, மனிதராய்ப் பிறந்த எவரும் மாண்பிலே சமம் என்று அறிவித்து இன்றோடு பத்தாண்டு. “மனித உரிமையைப் பத்திப் பேசுங்க டீச்சர், பத்து நிமிசம் போதும்” என்றார் தலைவர். போதும் தலைவரே! பேசுவதற்குப் பத்து நிமிடம் போதும். கிடைப்பதற்குத்தான் காலம் ஆகிறது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நானும் சிரித்தவள்தான். ஆடி மாதத்தில் ஒருநாள், ஆறாம் வகுப்பில் இதே பாடத்தை நடத்தினேன். எழுதச் சொன்னேன், எழுதினார்கள். வாசிக்கச் சொன்னேன், வாசித்தார்கள். கடைசி வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. கீழத்தெரு மைக்கேல்சாமியின் மகள் அற்புதமேரி. “டீச்சர், எல்லாரும் சமம்னா, மத்தியானச் சாப்பாட்டுக்கும் சேத்தா? இல்ல பரிச்சைக்கு மட்டுந்தானா?” என்றாள். வகுப்பே கொல்லென்று சிரித்தது, நானும் சிரித்தேன். பிறகு சொன்னேன்: “சாப்பாட்டுக்கும் சேர்த்துத்தானம்மா.”

எங்கள் பள்ளியில் சாப்பாடு எப்படி நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியாதா என்ன? மேலத்தெருப் பிள்ளைகளுக்குத் தாழ்வார நிழலில் ஒரு வரிசை. கீழத்தெருப் பிள்ளைகளுக்கு மதில் ஓரம், வெயிலில் ஒரு வரிசை. சோறு ஒரே அண்டாச் சோறு, குழம்பு ஒரே குழம்பு! உட்காரும் தரை மட்டும் இரண்டு.

மறுநாள் மணி அடித்தது. தட்டில் சோற்றை வாங்கினாள் அற்புதமேரி. உட்காரவில்லை. “ஒக்காந்தாத்தானே வரிசை? நின்னா ஏது வரிசை?” என்று நின்றபடியே சாப்பிட்டாள். சண்டையில்லை, சத்தமில்லை, சாபமில்லை. நிழலில் இருந்த ஒரு பெண் எழுந்து போய் அவள் அருகே நின்றாள். அப்புறம் ஒருவன், அப்புறம் ஒருத்தி. கொஞ்ச நேரத்தில் பள்ளிக்கூடமே நின்று சாப்பிட்டது! பாதிக் குழம்பு சட்டையில் சிந்தியது. ஆமாம் தாயே, துவைத்தது நீங்கள்தான், மறுக்கவில்லை!

அந்த முதல் பெண் யார் என்று கேட்கிறீர்களா? தலைவர் வீட்டுச் செவந்தி. தலைவரின் மகள்.

கமிட்டி கூடியது. கட்டுப்பாடு கெட்டுவிட்டது என்றது. நின்றவர் அத்தனை பேர், நீக்கப்பட்டவள் ஒருத்தி! இது எந்த நியாயம்? இது எந்தச் சமம்? உரிமையைப் பற்றிக் கட்டுரை வாசித்தவர்களுக்கு இதோ மேசையில் பரிசு காத்திருக்கிறது. வாழ்ந்து காட்டியவளுக்கு வாசற்கதவு மூடியிருக்கிறது.

இப்போது அவள் கந்தர்வக்கோட்டைப் பக்கம், சின்னம்மா வீட்டில் இருக்கிறாள். முந்திரிக்காட்டில் சுள்ளி பொறுக்குகிறாளாம். ஒவ்வொரு காலையும் வருகைப் பதிவுக்குப் பெயர் கூப்பிடும்போது அவள் பெயர் என் நாக்கு நுனிவரை வருகிறது, விழுங்கிவிடுகிறேன். பாடம் முடிந்து “சந்தேகம் உண்டா?” என்று கேட்கிறேன். எல்லாரும் “இல்லை டீச்சர்” என்கிறார்கள். என் கண் கடைசி வரிசைக்குப் போய், வெறும் பலகையைப் பார்த்துத் திரும்புகிறது. மேடை நாகரிகம் எனக்கும் தெரியும், ஐயா. ஆனாலும் சொல்கிறேன். அந்தப் பிள்ளையைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது. அவள் கேட்கும் கேள்விக்கு ஏங்கிப் போய்க் கிடக்கிறேன்.

கேள்வி கேட்கக் கற்பிக்காத பள்ளிக்குக் கூரை எதற்கு? நியாயத்துக்கு நிற்கத் தெரியாத பிள்ளைக்குப் படிப்பு எதற்கு? நாளைக்கு நாட்டை ஆளப்போகிறவர்கள், இன்றைக்கு ஒரு தட்டுச் சோற்றை நிமிர்ந்து நின்று சாப்பிட்டதா குற்றம்?

என்ன தலைவரே? “ஒக்காருங்க டீச்சர், அப்புறம் பேசிக்கலாம்” என்கிறீர்களா? உட்காரமாட்டேன் ஐயா, மன்னியுங்கள். இந்த மேடையில் எனக்கு நாற்காலி உண்டு. அவளுக்கு எங்கே இடம் என்று தெரியாமல் அதில் உட்கார மனம் ஒப்பவில்லை. நாளைக்கு என்னையும் நீக்கினால் நீக்குங்கள்.

அடடா! என்ன இது? செவந்தி, நீ ஏனம்மா எழுந்தாய்? நீ? நீயும்? தலைவரே, அங்கே பாருங்கள்! பிள்ளைகள் அத்தனை பேரும் நிற்கிறார்கள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை, சத்தியமாய் நான் சொல்லவில்லை!

அமைதி, அமைதி! தலைவர் வேலிப்பக்கம் பார்த்து ஏதோ சொல்கிறார். மைக்கில் விழவில்லை, நான் சொல்கிறேன், கேளுங்கள். “மைக்கேல்சாமி, காலைல மொத பஸ்ஸுக்குப் போயி புள்ளயக் கூட்டிட்டு வா” என்கிறார். கை தட்டாதீர்கள், பொறுங்கள்! மைக்கேல்சாமி அண்ணன் பதில் சொல்கிறார். “கூட்டியாறேங்க. ஆனா, சோறு எங்கிட்டு ஒக்காந்து திங்கிறதுன்னு கேப்பாளே. நான் என்னங்க சொல்ல?”

கேட்டீர்களா? மகள் இல்லாத இடத்தில் அவள் கேள்வியைத் தகப்பன் கேட்கிறார். யார் பதில் சொல்வது? தலைவர் தரையைப் பார்க்கிறார். பெரியவர்களே, நீங்கள் சொல்லுங்கள்.

“எம் பக்கத்துல, நெழல்ல!”

சொன்னது செவந்தி. தலைவர் நிமிர்ந்து மகளைப் பார்க்கிறார். சரி என்று தலையை ஆட்டிவிட்டார், ஐயா! எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள், ஆட்டிவிட்டார்!

பொறுமையாய்க் கேட்ட பெரியவர்களுக்கும், கண்ணைத் துடைத்துக்கொள்ளும் தாய்மார்களுக்கும், கால் கடுக்க நின்ற கீழத்தெரு மக்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. கடைசியில் சொல்கிறேன் என்ற வணக்கம் ஒன்று பாக்கி இருக்கிறது. அது உங்களுக்கு இல்லை, மன்னியுங்கள். நாளைக்கு ஆறாம் வகுப்பு வாசலில் அற்புதமேரி வந்து நிற்கும்போது, இந்த இரண்டு கையையும் கூப்பி அவளுக்குச் சொல்ல வைத்திருக்கிறேன்.